பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுமுன் ஒரு பூட் பிளாப்பி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீடுகளிலும் அலுவலகங்களிலும் முடங்கிக் கிடக்கும் பழைய மின்னணுச் சாமான்களைச் சேகரிக்கும் முகாம் பற்றி உங்கள் நாளிதழின் வேலூர் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். நல்ல காரியம். ஈயமும் பேட்டரி அமிலமும் மண்ணில் இறங்கக் கூடாது என்பதை, தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு பட்ட பாட்டைப் பார்த்த நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் செய்தியோடு வெளியான படத்தில், குவியலின் ஓரத்தில், பிளாப்பி டிரைவ் முகப்போடு ஒரு பழைய சிபியு பெட்டி கிடந்தது. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வாசகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 2000-க்கு முன்னால் வாங்கிய கம்ப்யூட்டர் உங்கள் வீட்டிலோ, சங்கத்திலோ, கோயில் அலுவலகத்திலோ இருந்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு எடைக்குப் போடுங்கள். பார்ப்பதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு பூட் பிளாப்பி (மெஷினை எழுப்பத் தேவையான நிரல்கள் உள்ள சிறு காந்த வட்டு), அதைச் செய்யத் தெரிந்த ஒரு ஆள், ஒரு மதிய நேரம். பல சமயம் அவ்வளவுதான் வேண்டியிருக்கும்.

நான் 1991 முதல் வேலூரிலும் காட்பாடியிலும் கம்ப்யூட்டர் மையங்களில் டாஸ் என்ற இயக்கத் தொகுதி, வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ எல்லாம் சொல்லிக்கொடுத்தவள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏசி அறைக்குள் நுழைந்த காலம் அது. எங்களிடம் இருந்த எக்ஸ்டி என்ற ஆரம்ப கால மெஷின்கள் சிலவற்றில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. இரண்டு பிளாப்பி டிரைவ், அவ்வளவுதான். வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு முதல் நாளே கையில் கொடுப்பது அஞ்சேகால் அங்குல பூட் பிளாப்பி ஒன்று. அதைப் போட்டு மெஷினை எழுப்பி, அதை எடுத்துவிட்டு வேர்ட்ஸ்டார் பிளாப்பியைப் போட வேண்டும். வேலை முடிந்து வெளியே வந்தால், கமாண்ட்.காம் உள்ள வட்டைத் திரும்பப் போடு என்று மெஷின் கேட்கும். கம்ப்யூட்டருக்கு உயிர் எங்கிருந்து வருகிறது என்பதை அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துக் கற்றார்கள். இன்றைக்கு கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய மெஷினுக்குள் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது என்று கேட்பார்கள். அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் கம்ப்யூட்டர் முதலில் எங்கெங்கே வந்தது என்று நினைத்துப் பாருங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஏற்றுமதி நிறுவனங்கள், குடியாத்தம் பக்கத்து நெசவாளர் சங்கங்கள், அச்சகங்கள், டி.டி.பி. சென்டர்கள், வசதியுள்ள ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், டாக்டர்கள். தறிக்கூலிக் கணக்கு, கும்பாபிஷேக மலர், ஊர் வரலாறு, பரம்பரைப் பட்டியல், ஏரிப் பாசன வழக்கின் நகல் என்று எத்தனையோ அதில் ஏறின. காகிதத்தில் இருந்ததைக் கரையான் தின்றது. கம்ப்யூட்டரில் ஏற்றியதை, மெஷின் ஓடவில்லை என்று பரணில் போட்டுவிட்டோம்.

ஓடவில்லை என்று முடிவு கட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் திரையில் வரும் ஒரு வரிதான். "நான்-சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எரர்." சிஸ்டம் இல்லாத வட்டு, வேறு வட்டைப் போட்டு ஏதாவது ஒரு விசையைத் தட்டு என்று மெஷின் சொல்கிறது. அதாவது மெஷின் நன்றாகவே இருக்கிறது. மின்சாரம் வந்து, நினைவகத்தை எண்ணிப் பார்த்து, விசைப்பலகையைச் சோதித்து, அடுத்து யாரிடம் பொறுப்பை ஒப்படைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு நாம் ஒரு பிளாப்பியைக் கொடுக்க வேண்டும்.

குடியாத்தத்தில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் அந்த வீட்டில் இருந்தார். காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மருமகள் எனக்குப் பழக்கம். "அக்கா, மாமா ராத்திரியெல்லாம் இதுல என்னமோ தட்டிக்கினே இருப்பாரு. கூத்துப் பாட்டுன்னு சொல்வாரு. கடைக்காரரு வந்து பாத்துட்டு ஹார்ட் டிஸ்க் போயிடுச்சுன்னு சொல்லிட்டாரு. பழைய பேப்பரோட சேத்துப் போட்டுடலாம்னு இருக்கோம்" என்றாள். போய்ப் பார்த்தால் 486 மெஷின். மேலே துணி போட்டு மூடி, குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள்.

முதலில் மூடியைக் கழற்றி மதர்போர்டில் இருக்கும் பேட்டரியைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து போர்டுகள் பலவற்றில் நீல நிறத்தில் பீப்பாய் மாதிரி ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் கிடந்தால் அது கசிந்து பச்சை பூத்து, பக்கத்தில் உள்ள செப்புத் தடங்களைத் தின்றுவிடும். இங்கே கசிவு ஆரம்பித்திருந்தது, தடங்கள் தப்பித்திருந்தன. பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, தூசியை ஊதித் துடைத்துவிட்டுத்தான் கரண்ட் கொடுத்தோம். யாராவது பவர் சப்ளையைக் கழற்றி மாட்டுவதாக இருந்தால் ஒன்றை மறக்கக் கூடாது. மதர்போர்டுக்குப் போகும் இரண்டு கனெக்டர்களிலும் கறுப்பு ஒயர்கள் நடுவில் ஒன்றை ஒன்று ஒட்டி வரவேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு அங்கேயே முடிந்தது.

பேட்டரி இல்லாத மெஷினுக்குத் தன்னிடம் எந்த ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்பதே மறந்துபோயிருக்கும். கடைக்காரர் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று சொன்னதற்குக் காரணமும் அதுதான். பயாஸ் (மதர்போர்டின் சில்லில் உள்ள தொடக்க நிரல்) செட்டப்பில் நுழைந்து, டைப் 47 என்ற இடத்தில் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்ணிக்கையை நாமே கொடுக்க வேண்டும். அந்த எண்கள் ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். தானாகக் கண்டுபிடிக்கும் வசதியுள்ள பயாஸாக இருந்தாலும் லேபிளோடு ஒத்துப் பாருங்கள். எண் தப்பாக இருக்கும்போது வட்டில் எதையாவது எழுதினால் உள்ளே இருப்பது நாசமாகிவிடும். ஏ டிரைவ் 1.44 எம்பி என்பதையும், முதலில் ஏ (பிளாப்பி), அப்புறம் சி (ஹார்ட் டிஸ்க்) என்று எழும் வரிசையையும் அங்கேயே வைத்துவிட வேண்டும்.

இனி பிளாப்பி. இளைஞர்கள் பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். இன்னொரு மெஷினிலிருந்து டாஸ் கோப்புகளைப் பிளாப்பியில் காப்பி செய்துவிட்டு, ஏன் எழவில்லை என்று கேட்கிறார்கள். எழாது. மெஷின் எழும்போது பயாஸுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. வட்டின் முதல் செக்டரை, அதாவது முதல் 512 பைட்டை மட்டும் எடுத்து நினைவகத்தில் 7சி00 என்ற முகவரியில் வைத்துவிட்டு அதற்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த 512 பைட்டுக்குள் ஒரு குட்டி நிரல் இருக்கிறது. அதுதான் ஐஓ.சிஸ் என்ற கோப்பைத் தேடி ஏற்றும். அதன் பிறகு எம்எஸ்டாஸ்.சிஸ், கான்ஃபிக்.சிஸ், கடைசியில் கமாண்ட்.காம். காப்பி கட்டளை முதல் செக்டரைத் தொடுவதே இல்லை. அதனால்தான் ஓடுகிற டாஸ் மெஷினில் ஃபார்மேட் ஏ: /எஸ் என்று கொடுக்கிறோம். ஏற்கெனவே ஃபார்மேட் ஆன பிளாப்பிக்கு சிஸ் ஏ: என்ற கட்டளை. இரண்டும் முதல் செக்டரையும் எழுதி, ஐஓ.சிஸ்ஸை அது இருக்க வேண்டிய இடத்தில் முதலாவதாகவும் வைக்கும்.

டாஸ் மெஷின் கைவசம் இல்லாதவர்கள் முழு பிளாப்பியின் பிம்பக் கோப்பை, அதாவது பிளாப்பியை அப்படியே நகலெடுத்த ஒரே கோப்பைப் பயன்படுத்தலாம். 1.44 எம்பி பிளாப்பி என்பது இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 டிராக் (வட்டத் தடம்), டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். பிம்பக் கோப்பின் அளவும் அதேதான் இருக்க வேண்டும். ஒரு பைட் குறைந்தாலும் கூடினாலும் சந்தேகப்படுங்கள். அதைச் சாதாரணக் கோப்பு மாதிரி பிளாப்பிக்குள் இழுத்துப் போட முயன்றால் இடமில்லை என்று சொல்லிவிடும். ஏனென்றால் பூட் செக்டர், கோப்பு எங்கே இருக்கிறது என்று குறிக்கும் ஃபேட் அட்டவணைகள், மூல அடைவு (முதல் ஃபோல்டர்) எல்லாம் போகக் கோப்புக்குக் கிடைப்பது 14,57,664 பைட்தான். பிம்பத்தை செக்டர் செக்டராகத்தான் எழுத வேண்டும். லினக்ஸில் டிடி கட்டளை, விண்டோஸில் ராரைட் போன்ற நிரல். புது லேப்டாப்பில் செருகும் யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் இதற்குப் போதும். ஆனால் அது மூன்றரை அங்குலத்துக்கு மட்டும். அஞ்சேகால் அங்குல பிளாப்பி வேண்டுமென்றால் பழைய டிரைவ் உள்ள மெஷினைத்தான் தேட வேண்டும்.

அஞ்சேகாலில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய 360 கேபி டிரைவ் 40 டிராக் எழுதும். பின்னால் வந்த 1.2 எம்பி டிரைவ் 80 டிராக். இதன் ஹெட் (வட்டைப் படித்து எழுதும் முனை) மெல்லியது. அகலமாக எழுதப்பட்ட பழைய வட்டின் மேல் 1.2 எம்பி டிரைவில் திரும்ப எழுதினால், பழைய தடத்தின் மிச்சம் இரண்டு ஓரமும் நிற்கும். அதை 360 கேபி டிரைவில் போட்டால் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பிவிடும். எக்ஸ்டிக்கு பூட் பிளாப்பி செய்கிறவர்கள் முடிந்தால் 360 கேபி டிரைவிலேயே எழுதுங்கள்.

பிளாப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். சோனி நிறுவனம் 2011-லேயே விற்பனையை நிறுத்திவிட்டது. இப்போது கையில் கிடைப்பதெல்லாம் பழைய சரக்குதான். நம் ஊர் வெயிலில் பீரோ மேல் வருஷக்கணக்கில் வெந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் பிடித்தவை. டிரைவில் போடுமுன் உலோக மூடியை விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பின்புறம் உள்ள வட்டத் தகட்டை மெதுவாகச் சுற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கறுத்த பரப்பில் வெள்ளையாகப் புள்ளிகளோ வலைபோன்ற கோடுகளோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்த பிளாப்பியைப் போடவே போடாதீர்கள். ஹெட்டில் அது ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியையும் சுரண்டிவிடும். ஹெட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும். பஞ்சுக் குச்சியில் தொட்டு லேசாக ஒற்றினால் போதும். பூஞ்சை இல்லாத பிளாப்பியையும் /யு சேர்த்து முழுதாக ஃபார்மேட் செய்து பாருங்கள். டிராக் 0 கெட்டுவிட்டது என்று வந்தால் அது பூட் பிளாப்பிக்கு உதவாது.

டிரைவை மாட்டும்போது கேபிளைக் கவனியுங்கள். ரிப்பன் கேபிளில் சில ஒயர்கள் முறுக்கி வரும். முறுக்குக்கு அப்புறம் உள்ள முனைதான் ஏ டிரைவ். கரண்ட் கொடுத்த உடனே டிரைவின் விளக்கு எரிந்து அணையாமலே நின்றால் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறீர்கள் என்று பொருள். நிறுத்திவிட்டுத் திருப்பிச் செருகினால் சரியாகிவிடும்.

குடியாத்தம் மெஷினுக்கு வருகிறேன். பூட் பிளாப்பி போட்டதும் ஏ: என்று வந்தது. சி: என்று மாறி, கோப்புப் பட்டியலைக் காட்டும் டிர் கட்டளையைக் கொடுத்தால் ஒன்றிரண்டு கோப்புதான். மருமகளின் முகம் வாடிவிட்டது. மறைந்திருப்பதையும் காட்டச் சொல்லி டிர் /ஏ கொடுத்தேன். டிஆர்விஸ்பேஸ்.000 என்று ஒரு கோப்பு, கிட்டத்தட்ட முழு வட்டையும் அடைத்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. அந்த ஒற்றைக் கோப்புக்குள்தான் அவருடைய மொத்த சி டிரைவும் இருந்தது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் சாமான் பறிபோவது இந்த இடத்தில்தான். அப்போது ஹார்ட் டிஸ்க் விலை அதிகம். இருக்கிற இடத்தையே சுருக்கி இரண்டு மடங்கு வைத்துக்கொள்ள எம்எஸ்-டாஸ் 6.0-இல் டபுள்ஸ்பேஸ் என்று ஒரு வசதி 1993-இல் வந்தது. ஸ்டாக் என்ற நிறுவனத்தோடு வழக்காகி அது நீக்கப்பட்டு, 1994-இல் 6.22-இல் டிரைவ்ஸ்பேஸ் என்ற பெயரில் வேறு முறையில் திரும்ப வந்தது. சுருக்கிய வட்டில் நம் கோப்பு எல்லாம் டிஆர்விஸ்பேஸ்.000 என்ற ஒரே பெரிய கோப்பாகத்தான் வெளியே தெரியும். எழும்போது டிஆர்விஸ்பேஸ்.பின் என்ற இன்னொரு கோப்பு ஏறினால்தான் அது டிரைவாக விரியும். சாதாரண பூட் பிளாப்பியில் அது இல்லை என்றால் வட்டு காலி மாதிரி இருக்கும். இடத்தை அடைக்கும் குப்பை என்று அந்தப் பெரிய கோப்பை அழிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அழிக்காதீர்கள்.

எம்எஸ்-டாஸ் 6.22 ஓடும் மெஷினில் செய்த பூட் பிளாப்பியில் டிஆர்விஸ்பேஸ்.பின் இருக்கிறதா என்று டிர் /ஏ கொடுத்துப் பார்த்துக்கொண்டு, அதைப் போட்டு எழுப்பினேன். இந்த முறை சி டிரைவில் அடைவு அடைவாக விரிந்தது. கூத்து என்றே ஒரு அடைவு ஆங்கில எழுத்தில் இருந்தது. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் வாத்தியார்கள் வாயால் பாடக் கேட்டு அவர் ஏற்றிவைத்த தெருக்கூத்துப் பாட்டுகள். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது பாடுவது, கட்டியங்காரன் வசனம், திரை விருத்தம் எல்லாம் தனித்தனிக் கோப்பு. எந்த ஊர், யார் பாடியது என்று தலைப்பில் குறிப்பும் போட்டிருக்கிறார். பாடியவர்களில் பலர் இன்று இல்லை.

டாஸ் பதிப்பு பார்த்துத்தான் பிளாப்பி செய்ய வேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னேன். டாஸ் 3.3-இல் செய்த பிளாப்பிக்கு 32 எம்பிக்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க் பகுதியை (பார்ட்டிஷன்) படிக்கத் தெரியாது. விண்டோஸ் 95-இன் பிற்காலப் பதிப்பிலும் 98-இலும் ஃபேட்32 என்ற புதிய கோப்பு முறை போட்டிருந்தால் எம்எஸ்-டாஸ் 6.22 அதைக் காணாது. அதற்கு விண்டோஸ் 98 ஸ்டார்ட்-அப் பிளாப்பி வேண்டும். கன்ட்ரோல் பேனலில் நிரல் சேர்க்கும் பகுதியிலேயே அதைச் செய்யும் பொத்தான் இருந்தது. அந்த பிளாப்பி எழும்போது நினைவகத்தில் ஒரு தற்காலிக டிரைவ் உண்டாக்கும். அதைப் பார்த்து ஹார்ட் டிஸ்க்கின் இன்னொரு பகுதி என்று நினைத்து அதில் காப்பி எடுத்து வைத்தால், நிறுத்தியதும் போய்விடும். அவசரத்தில் சிஸ் சி: கொடுத்து ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப எழுப்பப் பார்ப்பதும் வேண்டாம். பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கலந்து, கட்டளை ஒவ்வொன்றும் டாஸ் பதிப்பு தவறு என்று மறுக்கும். முதலில் காப்பி எடுங்கள். மெஷினைச் சரிசெய்வதை அப்புறம் பார்க்கலாம்.

பூட் பிளாப்பி செய்து முடித்ததும் மூலையில் உள்ள சின்ன சதுரத் தாழைத் தள்ளித் துளை தெரியும்படி வையுங்கள். மூன்றரை அங்குலத்தில் துளை திறந்திருந்தால் எழுத முடியாது. அஞ்சேகாலில் இதற்கு நேர்மாறு, ஓரத்து வெட்டை ஸ்டிக்கர் ஒட்டி மூட வேண்டும். பழைய மெஷின்களில் பூட் செக்டர் வைரஸ் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும். 1986-இல் லாகூரிலிருந்து கிளம்பிய பிரைன் அந்த வகைதான். 1990-இல் இந்தியாவில் கண்டெடுத்த ஜோஷி வைரஸ் ஜனவரி 5 அன்று மெஷினை நிறுத்திவைத்து, ஹேப்பி பர்த்டே ஜோஷி என்று தட்டினால்தான் விடும். எங்கள் மையத்தில் அந்தத் தேதி வந்தால் வாசலிலேயே பிள்ளைகளின் பிளாப்பிகளை வாங்கிச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுவோம். தாழ் திறந்த பிளாப்பி அதையெல்லாம் வாங்கிக்கொள்ளாது. காப்பி எடுக்கத் தனி பிளாப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டினால் ஆயிற்றே என்று எனக்குத் தெரிந்த இன்ஜினியரிங் மாணவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆகுமென்றால் அப்படியே செய்யுங்கள். ஆனால் எண்பதுகளின் வட்டுகள் பல ஐடிஇ என்ற இணைப்பு வகையே அல்ல. அவற்றுக்கு அடாப்டர் பொருந்தாது. ஐடிஇ ஆனாலும் ஆரம்ப கால வட்டுகள் சிலிண்டர், ஹெட் கணக்கில் மட்டும் பேசும். இன்றைய அடாப்டர்கள் பலவற்றுக்கு அந்தப் பேச்சு புரியாது. எல்லாவற்றுக்கும் மேல், தமிழ்க் கோப்பு இருந்தால் அதைத் திறக்க அந்த மெஷினில் உள்ள மென்பொருள்தான் வேண்டும்.

தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளையும் அறிவித்தது 1999-இல்தான். அதற்கு முன்னால் ஒவ்வொரு மென்பொருளும் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு எண்களில் வைத்திருந்தது. தலைமை ஆசிரியரின் கோப்பு ஒன்றை டைப் கட்டளையால் திறந்தபோது திரையெல்லாம் பெட்டிக் கோடும் கிரேக்க எழுத்தும் ஓடின. கெட்டுப்போன கோப்பு என்றுதான் யாரும் சொல்வார்கள். பூட் பிளாப்பியில் எழுப்பிய அதே மெஷினில், அவர் பயன்படுத்திய தமிழ் எடிட்டரை அதன் அடைவிலிருந்து ஓட்டியதும், "திரௌபதையம்மன் துணை" என்று முதல் வரி வந்து நின்றது. மருமகள் அழுதுவிட்டாள். கோப்புகளை பிளாப்பிகளில் எடுத்துவந்து, திரையில் தெரியும் எழுத்தையும் கோப்பில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த மாணவரும் நானும் அட்டவணை போட்டோம். அதைக் கொண்டு அவர் ஒரு சிறு நிரல் எழுதி யுனிகோடுக்கு மாற்றித் தந்தார். பிற்காலத்துப் பரவலான எழுத்துருக்களாக இருந்திருந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்றவை இந்த வேலையை நொடியில் செய்திருக்கும். அந்த மென்பொருளோடு மெஷின் எடைக்குப் போயிருந்தால் கோப்பு கிடைத்தும் படித்திருக்க முடியாது.

எல்லாப் பழைய மெஷினும் டாஸ் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் கிளாஸ் திட்டத்தில் 1984-85 முதல் பள்ளிகளுக்குக் கொடுத்தவை பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள். அவற்றின் இயக்கத் தொகுதி சில்லிலேயே இருக்கிறது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு பிரேக் விசையைத் தட்டினால் வட்டில் உள்ள பூட் கோப்பைத் தேடி ஓட்டும். அந்த வட்டை டாஸ் மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு காலி என்று ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். பழைய பள்ளிகளின் அறிவியல் அறை அலமாரிகளைத் திறந்து பார்க்கும் ஆசிரியர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

இனி உங்கள் நாளிதழ் மூலமாக அதிகாரிகளுக்கு வைக்கும் கோரிக்கை. வேலூர் மாவட்ட மைய நூலகத்தில் இரண்டு அளவு பிளாப்பி டிரைவும் உள்ள ஒரு பழைய மெஷினை ஓடும் நிலையில் வைக்க வேண்டும். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததால் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மக்களுக்கும் அவரவர் ஊரில் இப்படி ஒன்று இருந்தால் நல்லது. பெரிய செலவு ஒன்றும் இல்லை. கழிவென்று சேகரிக்கும் மெஷின்களிலிருந்தே ஒன்றைத் தேற்றிவிடலாம். உரிமப் பிரச்சினை வரும் என்று தயங்கவும் வேண்டாம். ஜிம் ஹால் 1994-இல் தொடங்கிய ஃப்ரீடாஸ் இலவசம். அதன் பூட் பிளாப்பியை நூலகம் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். டிரைவ்ஸ்பேஸ் வட்டு மாதிரி விசேஷமானவை தவிர மற்ற டாஸ் மெஷின்களை எழுப்பிக் கோப்பு எடுக்க அது தாராளமாகப் போதும்.

சேகரிப்பு முகாம்களில் 2000-க்கு முந்தைய மெஷின் வந்தால் உடைக்குமுன் தனியே எடுத்து வைத்து, உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்க ஏற்பாடு செய்ய வேண்டும். உள்ளே இருப்பது அவர்கள் குடும்பச் சொத்து. அவர்கள் சம்மதம் இல்லாமல் யாரும் திறக்கக் கூடாது. நம் பகுதிக் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம். ஓலைச்சுவடியைத் தேடிப் படம் எடுத்துப் பாதுகாக்க அரசு ஆள் வைத்திருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் கூத்துப் பாட்டுக்கும் அதே கவனம் கிடைக்க வேண்டும். ஓலை நூறு வருஷம் தாங்கும். இந்த வட்டுகளுக்கும் பிளாப்பிகளுக்கும் அவ்வளவு ஆயுள் இல்லை.

என்னிடம் இரண்டு பிளாப்பி டிரைவ், பூஞ்சை இல்லாத பிளாப்பிகள் ஒரு பெட்டி, டாஸ் 3.3-லிருந்து விண்டோஸ் 98 வரை பதிப்பு வாரியாக பூட் பிளாப்பிகள் இருக்கின்றன. நூலகம் ஒரு மேசை ஒதுக்கினால் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, விருப்பமுள்ள பிள்ளைகளுக்குச் செய்யக் கற்றுக்கொடுக்கவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்ப்யூட்டர் பயிற்றுநர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்